எந்தப் பூச்சி என்று சொல்லுங்கள்!



கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குச் செல்லும் சாலையில் நீங்கள் போயிருக்கலாம். மலையடிவாரம் வரை கரும்பும் மரவள்ளியும் மாறி மாறிக் கண்ணில் படும். மரவள்ளியை இந்தப் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்றும் சொல்வார்கள். அதற்கு விதை தேவையில்லை. முதிர்ந்த செடியின் தண்டைச் சாண் அளவு வெட்டி நட்டால் முளைத்துவிடும். பாயசத்தில் போடும் ஜவ்வரிசி இந்தக் கிழங்கின் மாவிலிருந்துதான் கிடைக்கிறது. எத்தனையோ சிறு விவசாயிகளின் வீட்டுச் செலவும், பிள்ளைகளின் படிப்புச் செலவும் இந்தக் கிழங்கை நம்பியே இருக்கின்றன.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கேரளத்தில் திருச்சூர்ப் பகுதியில் மரவள்ளிச் செடிகளின்மேல் ஒரு புதிய மாவுப்பூச்சி காணப்பட்டது. இந்தியாவில் அதற்கு முன் அந்தப் பூச்சி பதிவாகியிருக்கவில்லை. நடவுக்காக வெட்டி எடுத்துச் செல்லப்படும் குச்சிகளே இத்தகைய பூச்சிக்கு வாகனம். விரைவிலேயே சேலம், நாமக்கல், தருமபுரி, கள்ளக்குறிச்சி என்று தமிழ்நாட்டின் மரவள்ளி மாவட்டங்களிலும் அது தலைகாட்டியது. அது தாக்கிய செடியின் நுனி வளராமல் நின்றுவிடும். இலைகள் கொத்தாகச் சுருண்டுகொள்ளும். அவற்றின்மேல் மாவைத் தூவியது போல வெண்மை படரும். மேலே இலை இல்லையென்றால் கீழே கிழங்கு எப்படிப் பருக்கும்?

இத்தகைய நேரத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி, "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இது எந்தப் பூச்சி?" இந்த இரண்டாவது கேள்விக்குச் சரியாக விடை சொல்லும் அறிவை நம் பள்ளிகளும் கல்லூரிகளும் போதிய அளவு மதிப்பதில்லை, மனப்பாடப் பகுதி என்று ஒதுக்கிவிடுகின்றன. இது பெரும் தவறு என்பது என் கருத்து. நான் இயற்பியல் கற்பிக்கும் விரிவுரையாளன். பூச்சிகளின் பெயருக்காக வாதாட இயற்பியல்காரனுக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் இறுதியில் விடை தருகிறேன். முதலில் ஒரு பழைய கதையைக் கேளுங்கள்.

சாயத்துக்காக வந்த பூச்சி

தரிசு நிலங்களிலும் வேலியோரங்களிலும் முளைக்கும் சப்பாத்திக்கள்ளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தட்டையான பச்சைத் தண்டுகள், கூரிய முட்கள், உள்ளே சிவந்த பழம். இது நம் நாட்டுச் செடி அன்று. கள்ளிச்செடிகளின் இக்குடும்பம் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தது.

இந்தக் கள்ளிக்கும் பட்டுத்துணிக்கும் ஒரு தொடர்பு உண்டு. மெக்சிகோவில் ஒருவகைக் கள்ளியின்மேல் கொச்சினீல் என்ற சின்னஞ்சிறு பூச்சி வாழ்கிறது. அதை உலர்த்திப் பொடித்தால் அழகிய சிவப்புச் சாயம் கிடைக்கும். அந்நாளில் இந்தச் சாய வாணிகம் ஸ்பானியரின் கையில் இருந்தது. அதில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆசைப்பட்டது. சென்னையில் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், பூச்சி வருவதற்கு முன்பே அதற்கு உணவாகச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார்.

1795இல் நீல்சன் என்ற கப்பல் தலைவர் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோவிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சிகளைக் கொண்டுவந்து சேர்த்தார். அங்கிருந்து அவை சென்னைக்கும் வந்தன. பூச்சிகள் நன்றாகப் பெருகின. ஆனால் சாயம் மட்டமாக இருந்தது. வந்தது மெக்சிகோவின் சாயப்பூச்சி அன்று. அதைப் போலவே தோற்றமளிக்கும் வேறொரு காட்டு இனம்! சாயம் கொடுக்காததோடு அது நில்லாமல், தான் வாழ்ந்த கள்ளிச்செடியையே தின்று பட்டுப்போகச் செய்தது.

கம்பெனிக்கு நட்டம்தான். ஆனால் இந்தத் தவறு எதிர்பாராத ஓர் உண்மையைக் காட்டிக்கொடுத்தது. பூச்சி எங்கெல்லாம் பரவியதோ அங்கெல்லாம் ஒரு குறிப்பிட்ட சப்பாத்திக்கள்ளி இனம் அழிந்தது. கள்ளி ஒரு தொல்லை என்று எண்ணியவர்கள் 19ஆம் நூற்றாண்டில் அதே பூச்சியைத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வேண்டுமென்றே கொண்டுசென்று விட்டார்கள். ஒரு களையை அழிக்க ஒரு பூச்சியை ஏவிய மிகப் பழைய நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. இம்முறைக்கு இன்று உயிரியல் கட்டுப்பாடு என்று பெயர்.

மீன் புழுவும் கள்ளிப் பூச்சியும்

இனி நாம் ஆஸ்திரேலியாவுக்குச் செல்ல வேண்டும். அங்கே வேலிக்காகவும் அழகுக்காகவும் நடப்பட்ட சப்பாத்திக்கள்ளிகள் குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களில் ஆடு மாடு மேயும் புல்வெளிகளை விழுங்கத் தொடங்கின. 1925ஆம் ஆண்டளவில் அவை பரவியிருந்த நிலம் ஏறத்தாழ 6 கோடி ஏக்கர். தமிழ்நாட்டின் முழுப் பரப்பே சுமார் 3¼ கோடி ஏக்கர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். குடியானவர்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டு வெளியேறினார்கள்.

இதற்கு வழி தேடி 1912இல் குவீன்ஸ்லாந்து அரசு இருவரை உலகம் சுற்றி வர அனுப்பியது. ஒருவர் ஹென்றி டிரையன். மற்றவர் தாமஸ் ஹார்வி ஜான்ஸ்டன். ஜான்ஸ்டன் 1881இல் சிட்னியில் பிறந்தவர். அப்போது குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் விரிவுரையாளர். அவருடைய தனித்துறை எது தெரியுமா? ஒட்டுண்ணிப் புழுக்கள்! மீன், தவளை, பறவை, கால்நடை ஆகியவற்றின் உடலுக்குள் வாழும் புழுக்களை எடுத்து, வரைந்து, வகைப்படுத்திப் பெயரிடுவது அவருடைய வாழ்நாள் பணி. மாட்டிறைச்சியில் தோன்றும் புழுக்கட்டிகளையும், செம்மறியாடுகளை வாட்டும் ஈக்களையும், ஆறுகளில் மீன்கள் கூட்டமாகச் சாவதையும் அவர் ஆராய்ந்தார். பின்னாளில் அடிலெய்டில் விலங்கியல் பேராசிரியராக இருந்தபோதே சில ஆண்டுகள் தாவரவியல் துறையையும் கவனித்துக்கொண்டார்.

மீனின் குடலில் புழுவைத் தேடுகிறவரைக் கள்ளிச்செடிக்கு மருந்து தேட அனுப்பலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு அது மிகப் பொருத்தமாகவே தோன்றுகிறது. ஒட்டுண்ணிகளை ஆராய்கிறவர் நாள்தோறும் கேட்கும் கேள்வி ஒன்றே: "இந்த உயிர் எந்த உயிரைச் சார்ந்து வாழ்கிறது? அதை மட்டுமா, அதன் உறவினங்களையுமா?" சில புழுக்கள் ஒரே ஒரு மீனினத்தில்தான் வாழும், பக்கத்தில் நீந்தும் வேறு மீனைத் தீண்டமாட்டா. சார்ந்து வாழ இடம் கொடுக்கும் உயிருக்கு ஓம்புயிரி என்று பெயர். பூட்டுக்கும் சாவிக்கும் உள்ள உறவைப் போன்றது ஓம்புயிரிக்கும் அதன் ஒட்டுண்ணிக்கும் உள்ள உறவு. மீனில் பழகிய இந்தக் கண் கள்ளியிலும் பயன்பட்டது.

ஜான்ஸ்டனும் டிரையனும் இலங்கை, இந்தியா, தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா என்று சுற்றி 1914இல் திரும்பினார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் கள்ளியை அழித்த அந்தக் காட்டுக் கொச்சினீல் பூச்சி அவர்கள் மூலம் ஆஸ்திரேலியா சென்றது. அங்கும் சில ஆண்டுகளில் ஒரு கள்ளியினத்தை அது அடக்கியது. ஆனால் ஒரே ஓர் இனத்தைத்தான்! புல்வெளிகளை விழுங்கிய முக்கியமான கள்ளி வேறு இனம். அதன்மேல் இந்தப் பூச்சி வாய் வைக்கவில்லை. பூட்டு வேறு, சாவி வேறு.

அந்தப் பூட்டுக்குச் சாவி 1925இல் அர்ஜென்டினாவிலிருந்து வந்தது. கேக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சியின் சுமார் 3000 முட்டைகள் கொண்டுவரப்பட்டன. அதன் புழுக்கள் கள்ளித் தண்டைக் குடைந்து உள்ளிருந்தே தின்று தீர்த்தன. 1933க்குள் பெரும்பாலான கள்ளிக்காடு அழிந்தது. நன்றி மறவாத மக்கள் பூனார்கா என்ற சிற்றூரில் 1936இல் ஒரு மண்டபம் கட்டி அதற்கு இந்தப் பூச்சியின் பெயரையே வைத்தார்கள்!

நம் ஊருக்கு வந்த கைம்மாறு

தமிழ்நாட்டில் என்ன நடந்தது? முதல் பூச்சி ஒரு கள்ளியினத்தை ஒழித்தபின், அதற்குத் தப்பிய வேறோர் இனம் பெருகியது. இதற்கு வேறு சாவி தேவைப்பட்டது. 1920களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியர்கள் அமெரிக்காவிலிருந்து மற்றொரு கொச்சினீல் இனத்தைத் தருவித்திருந்தார்கள். அது 1924இல் இலங்கைக்கும், 1926இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்கும் வந்தது. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 1 லட்சம் ஏக்கர் நிலத்தில் கள்ளி அடங்கியது. நாம் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு பூச்சி கொடுத்தோம். அவர்கள் நமக்கு ஒரு பூச்சி கொடுத்தார்கள். இன்று உங்கள் ஊர் வேலியோரத்தில் ஒன்றிரண்டு சப்பாத்திக்கள்ளிகளே நிற்கின்றன என்றால் அதற்கு இந்தப் பூச்சியும் ஒரு காரணம். கள்ளியின்மேல் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருப்பதைக் குச்சியால் நசுக்கிப் பாருங்கள். இரத்தச் சிவப்பாக வழிந்தால் அது கொச்சினீல்.

இந்த இரண்டு கொச்சினீல் பூச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உங்களாலோ என்னாலோ வேறுபாடு சொல்ல முடியாது. இரண்டும் வெள்ளைப் பஞ்சு. இரண்டும் சிவப்புச் சாறு. ஆனால் ஒன்றின் உணவை மற்றது சீந்தாது. "கொச்சினீல் பூச்சி" என்று பொதுவாகச் சொல்லி ஒரு கூடை பூச்சியைக் கொட்டியிருந்தால் பயன் இருந்திருக்காது. எந்தக் கொச்சினீல் என்று சொல்லத் தெரிந்தவர் இருந்ததால்தான் வேலை நடந்தது.

இரட்டையரில் எவர்?

இப்போது மீண்டும் மரவள்ளிக்கு வருவோம். 2020இல் திருச்சூரில் காணப்பட்ட மாவுப்பூச்சிக்கு பினாகாக்கஸ் மனிஹோட்டி என்று பெயர். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இது 1970களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றுப் பகுதிக்குள் நுழைந்துவிட்டது. ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கான மக்களுக்கு மரவள்ளிதான் சோறு. இந்தப் பூச்சியில் ஆண் இல்லை; பெண்ணே தனியாக நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஒரே ஒரு பூச்சி தப்பி வந்தாலும் ஒரு நாடே நிறைந்துவிடும்.

இதை அடக்கும் இயற்கை எதிரியைத் தேடி அறிவியலாளர்கள் தென் அமெரிக்காவுக்குச் சென்றார்கள். கண்டத்தின் வடபகுதியில் மரவள்ளியின்மேல் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதன் ஒட்டுண்ணிகளை எடுத்துச் சோதித்தபோது ஆப்பிரிக்க மாவுப்பூச்சியிடம் அவை பலிக்கவில்லை. கூர்ந்து நோக்கியபின் உண்மை தெரிந்தது. வடபகுதியில் கிடைத்தது உருவத்தில் ஒத்த வேறோர் இனம். அந்த இனத்தில் ஆணும் உண்டு. உண்மையான குற்றவாளி 1981இல் பராகுவே நாட்டில் அகப்பட்டது. அங்கேயே அதன் எதிரியும் இருந்தது. அது அனாகைரஸ் லோபெசி என்ற சிறு குளவி. நீளம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான்.

இந்தக் குளவி நம்மைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்று வளரும். மாவுப்பூச்சி உலர்ந்த கூடாகிவிடும். கூட்டில் ஒரு வட்ட ஓட்டை போட்டுக்கொண்டு புதிய குளவி வெளியே வந்து அடுத்த மாவுப்பூச்சியைத் தேடும். நைஜீரியாவின் இபடான் நகரிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனம் 1981 முதல் இதை வளர்த்து வெளியிட்டது. ஆப்பிரிக்காவின் மரவள்ளி நாடுகள் பலவற்றில் குளவி நிலைபெற்றது. இம்முயற்சிக்குத் தலைமை தாங்கிய சுவிட்சர்லாந்து அறிவியலாளர் ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

அதே குளவிதான் நமக்கும் வந்தது. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அதைத் தருவித்தது. அடைத்து வைத்துச் சோதித்தபின், 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டது. ஏத்தாப்பூர் எங்கோ தொலைவில் இல்லை. கல்வராயன் மலைக்கு மறுபக்கத்துச் சமவெளியில் இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பராகுவேயில் 1981இல் கண்ட உண்மை 40 ஆண்டு கழித்து ஏத்தாப்பூருக்கு எப்படி உதவியது? பெயரின் வழியாகத்தான். திருச்சூரில் கிடைத்த பூச்சியும் பராகுவேயில் கிடைத்த பூச்சியும் ஒன்றே என்று ஒருவர் உறுதியாகச் சொன்னார். சொன்ன அந்த நொடியில் ஆப்பிரிக்காவின் 40 ஆண்டு அனுபவம் நம் கைக்கு வந்துவிட்டது. பெயரைத் தவறாகச் சொல்லியிருந்தால் அந்த அனுபவம் முழுவதும் நமக்குப் பூட்டிய பெட்டிதான்.

தவறாகச் சொல்ல வாய்ப்பும் நிறைய உண்டு. நம் மரவள்ளித் தோட்டங்களில் காணப்படும் மாவுப்பூச்சி ஒன்றே ஒன்று அன்று. 2008இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியும் மரவள்ளியைத் தாக்கும். அதற்கு எதிரி வேறொரு குளவி. அது போர்ட்டோ ரிக்கோவிலிருந்து 2010இல் கொண்டுவரப்பட்டது. முதுகில் இரண்டு கருங்கோடுகளும் பின்னால் இரண்டு வால்களும் உள்ள மாவுப்பூச்சி ஒன்றும் உண்டு. "மாவுப்பூச்சிக்குக் குளவி கொடுங்கள்" என்று விவசாயி கேட்டால், "எந்த மாவுப்பூச்சி?" என்று திருப்பிக் கேட்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும். உடல் வெளிர் சிவப்பா, மஞ்சளா என்பது முதல் குறிப்பு. அது போதாது. பூச்சியின் மெழுகைக் கரைத்து, சாயமேற்றி, கண்ணாடி வில்லையில் பதித்து, உணர்கொம்பில் கணுக்கள் எட்டா ஒன்பதா என்று நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். ஒரு கணுவில் இருக்கிறது ஒரு தோட்டத்தின் விதி!

"மருந்து அடித்தால் போதாதா?"

இவ்வளவு தொல்லை எதற்கு, மருந்து அடித்தால் தீராதா என்று சிலர் கேட்பார்கள். மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாவுப்பூச்சியின் உடல் மெழுகுப் பொடியால் மூடப்பட்டது. தெளித்த மருந்து உடலை எளிதில் எட்டாது. சுருண்ட நுனியிலைகளுக்குள் ஒளிந்திருக்கும் பூச்சிகள் தப்பிவிடும். மருந்தில் மடிவது பெரும்பாலும் மெழுகுச் சட்டை இல்லாத குளவியே. எதிரியை விட்டுவிட்டு நண்பனைக் கொன்ற கதையாகிவிடும். அதோடு, மருந்தை ஒவ்வொரு பருவத்திலும் விலை கொடுத்து வாங்க வேண்டும். நிலைபெற்றுவிட்ட குளவியோ கூலி கேட்பதில்லை.

மற்றொரு கேள்வி இதைவிட வலுவானது. "வெளிநாட்டுப் பூச்சியைக் கொண்டுவந்து விடுகிறீர்களே, நாளை அது நம் பயிரைத் தின்றால்?" இந்த அச்சம் நியாயமானது. கள்ளியை வென்ற அதே குவீன்ஸ்லாந்தில்தான், 1935இல், கரும்பு வண்டை ஒழிக்க என்று ஹவாயிலிருந்து நூற்றுச் சொச்சம் பெருந்தேரைகளைக் கொண்டுவந்தார்கள். தேரை கரும்பு வண்டை ஒழிக்கவில்லை. அகப்பட்ட மற்றவற்றையெல்லாம் தின்று பெருகியது. அதன் நஞ்சால் அந்நாட்டு விலங்குகள் பல மடிந்தன. கொசுப்புழுவைத் தின்னும் என்று 1928இல் இந்தியாவுக்கு வந்த கம்பூசியா மீன், நம் நாட்டுச் சிறு மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் சேர்த்துத் தின்கிறது. உணவுக்காக 1952இல் வந்த ஜிலேபிக் கெண்டை எத்தனை ஏரிகளை ஆக்கிரமித்திருக்கிறது என்பதை உங்கள் ஊர் மீன்காரரைக் கேட்டாலே சொல்வார்.

தேரைக்கும் குளவிக்கும் என்ன வேறுபாடு? தேரை கிடைத்ததைத் தின்னும். குளவி குறிப்பிட்ட பூச்சியைத் தவிர வேறெதையும் நாடாது. ஒரு சாவி ஒரு பூட்டைத்தான் திறக்கிறதா, ஊரிலுள்ள எல்லாப் பூட்டையும் திறக்கிறதா என்று முன்கூட்டியே பார்ப்பதுதான் அறிவியல். அப்படிப் பார்த்தபின்னும் விழிப்பு வேண்டும். ஆஸ்திரேலியாவில் மண்டபம் கட்டிப் போற்றப்பட்ட அந்துப்பூச்சியை 1957இல் கரிபியன் தீவுகளில் விட்டார்கள். 1989இல் அது அமெரிக்காவின் புளோரிடாவில் காணப்பட்டது. அங்கே கள்ளி அந்நாட்டுச் செல்வம். ஆகவே பூச்சி பகையாகிவிட்டது. பூச்சி மாறவில்லை, இடம் மாறிற்று.

நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மேய்ச்சல் நிலங்களையும் சாலையோரங்களையும் மூடிய பார்த்தீனியக் களையை அழிக்க மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டு தருவிக்கப்பட்டு, 1984இல் பெங்களூரில் வெளியிடப்பட்டது. சில ஆண்டுகள் கழித்துச் சூரியகாந்திச் செடியிலும் அந்த வண்டைக் கண்டு விவசாயிகள் கலங்கினார்கள். சூரியகாந்தியும் பார்த்தீனியமும் ஒரே குடும்பத்துச் செடிகள். ஆகவே கலக்கம் இயல்பே. அறிவியலாளர்கள் அதை அலட்சியம் செய்யாமல் மீண்டும் ஆராய்ந்தார்கள். பக்கத்துப் பார்த்தீனியத்தின் மகரந்தம் சூரியகாந்தி இலையில் படிந்திருந்தால் வண்டு ஏமாந்து அதைக் கடிக்கிறது. ஆனால் சூரியகாந்தியை நம்பி அதனால் வாழ முடியாது என்று கண்டார்கள். கேள்வி கேட்ட விவசாயியும் வேண்டும். விடை தேடிய அறிவியலாளரும் வேண்டும்.

இயற்பியல்காரனின் சாட்சி

இப்போது என் வாக்குறுதிக்கு வருகிறேன். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அப்போதைய சென்னை மாகாணத்துக் குண்டூரிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் அதைப் பார்த்தவர்களின் நிறமாலைக் கருவிகளில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. மஞ்சள் கோடு என்றால் சோடியம் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். "சோடியம்தான்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கூர்ந்து அளந்தபோது அந்தக் கோடு சோடியக் கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சற்றே விலகி இருந்தது. சோடியக் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டர், இது 587.6. அந்தச் சிறு விலகலை மதித்த லாக்கியர், அது புதிய தனிமத்தின் கோடு என்றார். அதுதான் ஹீலியம். 1895இல் ராம்சே அதைப் பூமியிலும் கண்டுபிடித்தார்.

நிறமாலையில் ஒன்றரை நானோமீட்டரும், மாவுப்பூச்சியின் உணர்கொம்பில் ஒரு கணுவும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. "ஏறக்குறைய அதுதான்" என்று சொல்லாமல் "அதுவேதானா?" என்று கேட்கும் மனம் இரண்டிலும் ஒன்றே. இயற்பியலில் இதைத் துல்லியம் என்று புகழ்கிறோம். உயிரியலில் இதையே பெயர்ப்பட்டியல் என்று சலித்துக்கொள்கிறோம். இது நீதியா?

உயிர்களைக் கண்டறிந்து வகைப்படுத்தும் துறைக்கு வகைப்பாட்டியல் என்று பெயர். அதை நாம் கற்பிக்கும் முறையில் குறை இருக்கிறது. லத்தீன் பெயர்களை உருப்போடச் சொல்கிறோம், செடியையும் பூச்சியையும் கையில் கொடுத்து, "இவை இரண்டும் ஒன்றா, வேறா? எதனால் சொல்கிறாய்?" என்று கேட்பதில்லை. ஆகவே நன்றாகப் படிக்கும் மாணவர்கள் இதை விட்டு ஓடுகிறார்கள். மருத்துவமும் பொறியியலும் படிக்கட்டும்; நான் தடுக்கவில்லை. ஆனால் அடுத்த மாவுப்பூச்சி வரும்போது அதன் உணர்கொம்பை எண்ணுவதற்கும் ஆள் வேண்டும். ஒவ்வொரு கல்லூரியின் தாவரவியல், விலங்கியல் துறையும் தன் மாவட்டத்துச் செடிகளையும் பூச்சிகளையும் சேகரித்துப் பெயரோடு காத்து வைக்க வேண்டும். விவசாயி ஒரு தீப்பெட்டியில் பூச்சியைப் போட்டுக் கொண்டுவந்தால் "இது இன்னது" என்று சொல்லி அனுப்ப வேண்டும். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. கூர்ந்து பார்க்கப் பழகிய கண்கள் தேவை.

அத்தகைய கண்கள் நம் ஊர்களில் இல்லாமல் இல்லை. கல்வராயன் மலையில் ஆடு மேய்க்கும் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். எந்தப் புல் எப்போது முளைக்கும், எதை ஆடு விரும்பும், எதைத் தின்றால் வயிறு ஊதும் என்று பெயர் பெயராகச் சொல்வார். அவர் பள்ளியில் வகைப்பாட்டியல் படித்தவர் அல்லர். தேவை அவருக்குக் கற்பித்தது. அந்த அறிவுக்கும் நுண்ணோக்கிக்கும் இடையே பாலம் போட வேண்டியவர்கள் நீங்கள்.

இதை இன்றே தொடங்கலாம். மழைக்காலத்தில் உங்கள் பள்ளியைச் சுற்றிப் பார்த்தீனியம் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், சிலருக்குத் தோலில் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் வரும். இலைகள் கடிக்கப்பட்டிருந்தால், வெண்ணிறத்தில் வளைந்த பழுப்புக் கோடுகள் உள்ள சிறு வண்டு இருக்கிறதா என்று தேடுங்கள். பத்துச் செடிக்கு எத்தனை வண்டு என்று எண்ணித் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். அதே செடிகளை இரண்டு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். அருகிலுள்ள வேறு செடிகளை அந்த வண்டு தொடுகிறதா என்பதையும் எழுதுங்கள். பெயர் தெரியாத பூச்சி அகப்பட்டால் தாளில் வரைந்து, கால்களையும் உணர்கொம்புக் கணுக்களையும் எண்ணி, உங்கள் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டி, "ஐயா, இது எந்தப் பூச்சி?" என்று கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் இன்னும் நல்லது. இருவரும் சேர்ந்து தேடலாம்.